பாடகர் குழுவில் யார் நிற்பது?
பரட்டை அண்ணனின் இசையை முன்வைத்து ஒரு நினைவுச் சொற்பொழிவு



பரட்டை அண்ணன் என்று மக்கள் அன்போடு அழைத்த அருட்பணியாளர் ஜே. தியோபிலஸ் அப்பாவு மறைந்து இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. 1940இல் பிறந்தவர், 2005இல் மறைந்தார். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவரை நினைத்துப் பேசும் இந்த நாளில், தேவாலயத்தில் பாடுகிற பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தபோது நம் தோழர்களே சிலர் முகம் சுளித்தார்கள். இலக்கிய அமைப்புக்கும் பாடகர் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்மில் பாதிப் பேர் கோயிலுக்கும் போவதில்லை, சர்ச்சுக்கும் போவதில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்ப்போம். நம் சேரிகளில் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண், ஐம்பது பேரோடு சேர்ந்து நின்று, தனக்கு முக்கியமான ஒரு சொல்லை உரக்கச் சொல்லக் கிடைக்கிற இடங்கள் எத்தனை? வயலில் நடவுப் பாட்டு. சாவு வீட்டில் ஒப்பாரி. திருவிழாவில் கும்மி. வேதத்துக்கு வந்த குடும்பமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. நடவுப் பாட்டை இயந்திரம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒப்பாரியைக் கூலிக்கு அமர்த்தும் ஒலிபெருக்கி விழுங்கிவிட்டது. மிச்சம் இருக்கிற இடத்தில் யார் பாடுகிறார்கள், யார் மொழியில் பாடுகிறார்கள் என்று கேட்பது இலக்கியக் கேள்விதான்.

நம் மாவட்டத்துக்கு இசையில் பெரிய பேர் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. அங்கே பாறையில் கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக ஸ்வர வரிசைகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். ருத்ராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் செய்வித்தது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை நம் ஊர்க்காரர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் அப்படியே. கஞ்சிரா உடும்புத் தோல் போர்த்தியது. தோல் என்பதால் அதை யாரும் மேடையை விட்டுக் கீழே இறக்கவில்லை. ஆகவே பறையைத் தள்ளி வைத்ததற்குக் காரணம் தோல் இல்லை, அதைத் தொட்ட கை. மாட்டுத் தோலைக் காய்ச்சி அடித்தவனுக்குக் கல்வெட்டு கிடையாது. அவன் வாசித்த அடிகளுக்குப் பெயர் உண்டு, கணக்கு உண்டு, ஆனால் பாறை கிடைக்கவில்லை.

இப்போது தேவாலயத்துக்குள் போவோம்.

தமிழ்நாட்டுத் திருச்சபையில் சாதி என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது சுவர். வடக்கன்குளம் கோயிலின் உள்ளே இருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரை அகற்றச் சொல்லிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. செத்த பிறகும் தனித்தனிதான். ஆனால் தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி எழுதிக் கொடுத்த கோரிக்கைப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். கல்லறை, சவ வண்டி, தேர் வரும் தெரு ஆகியவற்றோடு இன்னொன்றும் திரும்பத் திரும்ப வரும்: பாடகர் குழுவில் இடம். வாசகம் வாசிக்க, பீடத்தில் பூசைக்கு உதவ, குழுவில் நின்று பாட. சாதிப் பாகுபாடு சபைக்குள் இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. நம் ஆட்கள் நூறு வருஷமாகச் சொன்னதை அவர்கள் ஒரு நாள் அச்சிட்டார்கள்.

பாடகர் குழு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? அது பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடம் என்பதால். மைக் இருக்கிற இடம் என்பதால். சபை முழுவதற்கும் அது வாய். வாயைப் பிறத்தியாருக்குக் கொடுத்துவிட்டுக் காதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நம் மக்களுக்கு விதிக்கப்பட்ட வழிபாடு.

இன்றைக்கு யாரும் முகத்துக்கு நேரே சாதி சொல்லி வெளியே போ என்பதில்லை. பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. களையெடுக்கப் போனவள் வீடு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் நேரம் அது. பாட்டை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். விழாவுக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை எடுக்க வேண்டும். அதோடு, "குரல் ஒத்துவரவில்லை." இந்தக் கடைசிக் காரணத்துக்குப் பிறகு வருகிறோம். அது வெறும் சாக்கு மட்டும் அல்ல, அதற்குள் ஒரு முழு இசைக்கொள்கையே ஒளிந்திருக்கிறது.

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்ச் சுவிசேஷ கீர்த்தனையின் பெரும்புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இரண்டாம் சரபோஜி காலத்தவர், வேளாளர். அவருடைய புலமையை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் 1820களில், எல்லாச் சாதியும் சபையில் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்க வேண்டும் என்று இளம் மிஷனரிகள் சொன்னபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். அந்தச் சண்டையில் சாதி ஆசாரமும் தமிழ்க் கீர்த்தனையும் ஒரே பக்கத்தில் நின்றன. தமிழ் இசையைக் காப்பது, தமிழ் வழக்கத்தைக் காப்பது, வழக்கத்துக்குள் சாதியைக் காப்பது என்று ஒன்றுக்குள் ஒன்றாக. மிஷனரிகள் எல்லாரும் சமத்துவவாதிகள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் கொண்டுவந்த நாலு குரல் பாமாலையும் நம் மக்களுக்கு ஏறாத பனைமரம்தான். ஆனால் 'நம் மண்ணின் இசை' என்று யாராவது சொன்னால், யாருடைய மண் என்று கேட்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்தே வர வேண்டும்.

கத்தோலிக்கத்திலும் இதே கதை வேறு வேகத்தில் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் தேதி வழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்டது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. அந்தந்த நாட்டு இசை மரபுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நாட்டு இசை என்றதும் தமிழ்நாட்டில் வீணை வந்தது, பரதநாட்டியம் வந்தது, சமஸ்கிருத நெடி வீசும் கீர்த்தனை வந்தது. பிறகு மெல்லிசை வந்தது. பறை வரவில்லை. பண்பாட்டுமயமாதல் என்ற பெரிய சொல்லுக்குள் சேரியின் பண்பாடு அடங்கவில்லை. சங்கத் தந்தையர் ரோமில் எழுதியதை இங்கே மொழிபெயர்த்தவர்கள் மேல்தெருவில் குடியிருந்தார்கள், வேறென்ன?

இந்த இடத்தில்தான் பரட்டை அண்ணன் வருகிறார்.

அவருக்குக் கர்நாடக இசை தெரியும், மேற்கத்திய இசையும் தெரியும். தெரியாததால் ஒதுக்கியவர் அல்ல. தெரிந்துகொண்டு, இவை இரண்டும் யாரை உள்ளே விடுகின்றன, யாரை வாசலில் நிறுத்துகின்றன என்று கணக்குப் பார்த்தவர். நாட்டார் வழக்காற்றைச் சமூக மாற்றத்துக்கான கருவியாகப் பார்க்கும் 'ஃபோக்லோர் ஃபார் சேஞ்ச்' என்ற ஆங்கில நூலை 1986இல் எழுதினார். தொண்ணூறுகளில் 'கிராமிய இசை வழிபாடு' வந்தது. பாவ அறிக்கை முதல் திருவிருந்து வரை ஓர் ஆராதனையின் முழு ஒழுங்கையும் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு அமைத்தார். அவரிடம் நேரில் மாணவியாக இருந்து கற்ற அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவருடைய இசையைப் பற்றி 2014இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். தமிழில் அவருக்கு அப்படி ஒரு நூல் எழுத வேண்டிய கடன் நம்மைப் போன்ற அமைப்புகளுக்கு இருக்கிறது.

அந்த வழிபாட்டில் கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிடுகிறார். பிதாவே என்று இல்லை. பெத்தவர் என்றால் அப்பனும்தான், ஆத்தாளும்தான். நம் வீட்டுச் சொல். பைபிள் தமிழில் இல்லாதது, ஆனால் வயிற்றெரிச்சலில் பெண்கள் வானத்தைப் பார்த்துக் கத்தும்போது தானாக வாயில் வருவது. இந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கவிஞர் வரிசையில் வைக்கலாம் என்பது எங்கள் கருத்து.

அவருடைய இன்னொரு சொல் 'ஒரு உலை'. கூட்டுக் குடும்பம் உடைந்தால் நம் ஊரில் என்ன சொல்வோம்? தனி உலை வைத்துவிட்டான் என்போம். சொத்துப் பிரிந்தது, பேச்சு நின்றது என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே சொல்லிவிடுவோம். திருவிருந்து என்பது அப்பத்தைக் கிள்ளி நாக்கில் வைப்பதல்ல, எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பது என்று பரட்டை அண்ணன் கொண்டுபோனார். கேட்க எளிமையாக இருக்கும். நம் ஊரில் ஒரே உலையில் பொங்கிப் பாருங்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியமாக நாங்கள் நினைப்பது அவர் பாட்டை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை. கீர்த்தனைப் புத்தகத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் தப்பு. நடவுப் பாட்டில் ஒரு சொல்லையும் மாற்றாமல் பாடினால் அவள் பாட்டுக்காரியே இல்லை. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அடுத்த அடியில் அன்றைக்கு வரப்பில் நடந்ததைச் சேர்ப்பாள். கங்காணியைக் கிண்டல் செய்வாள். மாற்றிக்கொள்ளலாம், கூட்டிக்கொள்ளலாம், இது உன்னுடையது என்பதே நாட்டார் பாட்டின் சட்டம். எழுத்து தெரிய வேண்டாம், ஸ்வரம் தெரிய வேண்டாம். பரட்டை அண்ணன் சபைக்குள் கொண்டுவந்தது பறையை மட்டும் அல்ல, இந்தச் சட்டத்தை. அதை ஏற்றுக்கொண்டால் பாடகர் குழு என்று தனியாகப் பத்துப் பேர் இருக்க முடியாது. எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருப்பார், சபை முழுக்கக் குழுவாகிவிடும்.

"குரல் ஒத்துவரவில்லை" என்ற புகாருக்கு இப்போது வரலாம். குழு நடத்துகிறவர் கீபோர்டில் ஒரு சுருதி வைக்கிறார், பெரும்பாலும் தனக்கு வசதியான ஆண் சுருதி. ஒப்பாரியிலும் நடவிலும் பழகிய பெண்குரல் வெட்டவெளிக்கு எழுப்பிய குரல். மேலே போய் நிற்கும், உடையும், உடைந்த இடத்தில்தான் அதன் அழகு. பத்துப் பெண்கள் பாடினால் ஒரே மெட்டுப் பத்து விதமாக இழுபடும். சேர்ந்தும் இருக்கும், தனித்தும் இருக்கும். குழு நடத்துகிறவருக்கு வேண்டியது பத்துப் பேரும் ஒரே ஆள் மாதிரிக் கேட்பது. அதனால் அவர் காதுக்கு இது பிசிறு. ஆக, குரல் சரியில்லை என்பது காதைப் பற்றிய செய்தி. இப்போது பல ஊர்களில் இதுவும் தாண்டிவிட்டது. சென்னை ஸ்டூடியோவில் செய்த டிராக்கைப் பென் டிரைவில் போட்டு, அதன் மேல் நாலு பேர் பாடுகிறார்கள். எந்தச் சபையில் கேட்டாலும் ஒரே வயலின், ஒரே டிரம்ஸ். எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டாம், வாங்கிப் பாடவும் ஆள் வேண்டாம்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் பேசியாக வேண்டும். பறையைக் கோயிலுக்குள் கொண்டுவராதே என்று முதலில் சொல்பவர்கள் பல ஊர்களில் நம் பெரியவர்களே. அவர்கள் கேட்பது நறுக்கென்று இருக்கும். சாவுக்கு மோளம் அடிக்க மாட்டோம் என்று சொல்லி அடி வாங்கினோம், ஊர்க்கட்டு வாங்கினோம். அந்தப் பிழைப்பை அறுத்துக்கொள்ளத்தான் வேதத்துக்கு வந்தோம். அறுத்துப் போட்டதை நீ எடுத்துக்கொண்டு வந்து பீடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாயா?

இதைப் பிற்போக்கு என்று தள்ளுவது நம் இளைஞர்களுக்கு எளிது. எங்களால் முடியவில்லை. அமெரிக்காவில் 1871இல், அடிமை முறை ஒழிந்து ஆறே ஆண்டில், நாஷ்வில் நகரத்தில் ஃபிஸ்க் என்ற பள்ளி கடனில் மூழ்கியபோது, அதன் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர் ஒரு பாடகர் குழுவாக ஊர் ஊராகக் கிளம்பினார்கள். ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்று பெயர் பெற்றார்கள். பின்னால் இங்கிலாந்து வரை போனார்கள். திரட்டிய பணத்தில் ஜூபிலி மண்டபம் எழுந்தது, இன்றும் இருக்கிறது. அவர்கள் முதலில் பாடியது வெள்ளைக்காரர் பாட்டு. தங்கள் தாய் தகப்பன் அடிமைக் கொட்டடியில் பாடிய பாட்டை மேடையில் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. அது அவமானத்தின் நினைவு, கூடவே வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய புனிதம். பிறகு தயங்கித் தயங்கித்தான் பாடினார்கள். உலகம் அழுதது. ஆனால் எப்படிப் பாடினார்கள்? மேடைக்காக ஒழுங்குபடுத்தி, நாலு குரலாகச் சீர் செய்து. கொட்டடியில் இருந்த கரடுமுரடு அதில் குறைந்துபோயிற்று. மீட்பும் இழப்பும் ஒரே பாட்டில் நடந்தன. நம் பெரியவர்களின் தயக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்பது பறை வேண்டுமா வேண்டாமா என்று இல்லை. யார் சொல்லி அடிப்பது, யாருக்காக அடிப்பது என்றுதான். ஏவல் இல்லாமல் அடிக்கிற பறை வேறு என்று பரட்டை அண்ணன் பதில் வைத்திருந்தார். நாங்கள் அவர் பக்கம். ஆனாலும் அந்தப் பெரியவர்கள் சம்மதிக்கும்வரை காத்திருக்கலாம் என்றும் நினைக்கிறோம். அடி வாங்கியவர்கள் அவர்கள்.

இன்றைக்குப் பறைக்கு நல்ல காலம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது, நமக்குப் பெருமை. கல்லூரிப் பெண்கள் பூங்காக்களில் பறை பழகுகிறார்கள். தேவாலயங்களிலும் பொங்கல் திருப்பலிக்குப் பறை வருகிறது. நவம்பரில் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறார்கள், அன்றைக்கும் வருகிறது. மற்ற ஞாயிறுகளில்? பறை உறையில் இருக்கிறது. அடித்தவர் பின்வரிசையில் இருக்கிறார். ஒலியை உள்ளே விட்டுவிட்டு ஆளை வெளியே நிறுத்தும் வித்தை சாதிக்குப் புதிதில்லை. உழைப்பை எடுத்துக்கொண்டு ஆளைத் தள்ளி வைத்த பழைய வித்தைதான் அது.

சின்ன விஷயம் ஒன்று. வேப்பங்கட்டையில் தோல் கட்டிய பறையை அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்ச வேண்டும். ஈரம் இறங்கினால் ஒலி செத்துவிடும். மறுபடி காய்ச்ச வேண்டும். கோயில் வளாகத்தில் தீ மூட்டினால் புகை என்பார்கள், நாற்றம் என்பார்கள். இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது, காய்ச்ச வேண்டியதில்லை. வாசிக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி, குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தீயைச் சுற்றி நின்றபோதுதான் சின்னப் பையன்கள் அடி கற்றார்கள், சண்டை தீர்ந்தது, கதை நடந்தது.

ஒரு உலைக்குத் திரும்புகிறோம். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொல்லும்போது வேங்கைவயலைச் சொல்லாமல் நகர முடியாது. 2022 டிசம்பர் கடைசியில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. குழந்தைகள் நோயில் படுத்த பிறகுதான் தெரிந்தது. விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர் பக்கத்து இறையூரில் கோயில் நுழைவையும் நடத்த வேண்டியிருந்தது, தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும் பார்க்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அதில் இருந்த மூன்று பெயரும் அந்தத் தெருவின் தலித் இளைஞர்களுடையவை. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. ஒரே உலை என்பது அழகான உவமை என்று யாராவது நினைத்திருந்தால் அந்தத் தொட்டி திருத்தியிருக்கும். உலைக்கு முதலில் தண்ணீர் வேண்டும்.

வேங்கைவயல் மக்கள் கிறிஸ்தவர்கள் இல்லையே, வழிபாட்டுப் பாட்டுக்கும் அவர்களுக்கும் என்ன என்று கேட்கலாம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி போட்ட கோடு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மதம் மாறினால் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறாய் என்கிறது சட்டம். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கோடு அழிந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் அழியவில்லை. 2022இல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். பரட்டை அண்ணனின் பாட்டு அந்தக் கோட்டை மதிக்கவில்லை. பெத்தவரே என்ற அழைப்பில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கும் தொனி இல்லை. வேதக்காரத் தெருவும் அம்மன் கோயில் தெருவும் ஒரே மெட்டை அறிந்தவை. ஒரே நடவில் குனிந்தவை.

எங்கள் வேண்டுகோள் மூன்று நான்குதான், அதுவும் இந்த மாவட்டத்து ஆட்களுக்கு. ஆவூரிலிருந்து கடற்கரை வரை நம் ஊர்ச் சபைகளில் பெண்கள் கட்டிப் பாடுகிற வழிபாட்டுப் பாட்டுகள் இருக்கின்றன. தவக்காலத்தில் பாடும் பாடுகளின் ஒப்பாரியைக் கேட்டிருப்பீர்கள். மரியாள் மகனை மடியில் போட்டு அழுவதை நம் வீட்டுச் சாவு போலவே பாடுவார்கள். அவற்றைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். புத்தகமாகப் போட்டால் பக்கத்தில் வெற்றிடம் விட்டுப் போடுங்கள், அடுத்தவர் தன் அடியைச் சேர்க்க. சபையில் பொறுப்பில் இருக்கிற நம் ஆட்கள் பயிற்சி நேரத்தை வேலை முடிந்து வருகிற பெண்களைக் கேட்டு வையுங்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பிமார், ஒரு ஞாயிறு சுருதியை அவர்கள் எடுக்கிற இடத்திலிருந்து பிடித்துப் பாருங்கள்.

இந்த உரைக்குப் பிறகு பாடுவதற்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்திருக்கிறார்கள். அதில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. கிராமிய இசை வழிபாட்டின் மெட்டுகளில் அவர்களே சொற்களை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். என்ன மாற்றினார்கள் என்று நாங்கள் முன்கூட்டிக் கேட்கவில்லை. வெளியே பறை காய்கிறது. அது முடிய இன்னும் ஐந்து நிமிடம் ஆகும் என்கிறார்கள், தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.